விலை பேசி முடிச்சாச்சு, இப்போ உள்ள ரூம்ல உக்கார வச்சு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுங்கன்னு உயிரை எடுக்கறாங்க, எடுக்கலாமா?

முதல்கார்
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்போ வேற வழியில்லாம எழுதறேன். புது கார் ஒண்ணுக்கு மூணு வாரமா நடையா நடந்து, கோவிச்சுக்கிட்டு ரெண்டு தடவை எழுந்து வந்து, ஒருவழியா விலை படிஞ்சிருக்கு. போட்ட விலையில நூத்துக்கு 6 குறைச்சாங்க. நானும் என் தங்கச்சியும் வெளிய வந்து ஏதோ உலகக் கோப்பை ஜெயிச்ச மாதிரி நின்னோம்.

அப்புறம் கையெழுத்து போட உள்ள ஒரு கண்ணாடி ரூமுக்கு கூட்டிட்டு போனாங்க. அங்க வேற ஒருத்தர், ரொம்ப தன்மையா பேசறார், தண்ணி குடுத்தார், நல்ல வண்டி எடுத்தீங்கன்னு பாராட்டினார், அப்படியே பேச்சோட பேச்சா 2 வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டி, பெயிண்ட் கோட்டிங், டயர் கவர், ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு தாளை நீட்டறார். கூட்டிப் பார்த்தா நாங்க குறைச்ச 6-ல கிட்டத்தட்ட 5 அவங்க பக்கமே திரும்பிப் போகுது. யோசிச்சு சொல்றேன்னேன், "யானையே வாங்கிட்டீங்க சார், அங்குசத்துக்குப் போய் யோசிக்கறீங்களே"ன்னு சிரிக்கறார். வாரண்டி இன்னைக்கே எடுத்தாதான், டெலிவரிக்கு அப்புறம் கேட்டாலும் கிடைக்காதாம்.

கம்பெனி வாரண்டி 3 வருஷம் இல்லைன்னா 1 லட்சம் கிலோமீட்டர். நான் வருஷத்துக்கு 12,000 ஓட்டினாலே அதிகம். 5 வருஷ லோன். நாளைக்கழிச்சு கையெழுத்து. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

நடுராத்திரி
எடுக்காதீங்க. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். முடிஞ்சது.

எக்ஸ்சேல்ஸ்
நான் ஒன்பது வருஷம் அந்தப் பக்கம் உக்கார்ந்திருந்தவன், இப்போ வேற வேலை, அதனால மனசுவிட்டு சொல்லலாம்.

தம்பி, நீங்க வெளிய சண்டை போட்டு குறைச்சீங்க பாருங்க அந்த ஆள் வேற, உள்ள உக்கார்ந்திருக்கறவர் வேற, ரெண்டு பேருக்கும் தனித்தனி டார்கெட். புது வண்டியில விலையை மட்டும் வச்சு டீலருக்கு நிக்கற காசு நீங்க நினைக்கறதை விட கம்மி, அதனாலதான் வாரண்டி, கோட்டிங், லோன் கமிஷன் எல்லாம் அந்த ரூம்ல வச்சு விக்கறாங்க. வெளிய நீங்க முறைப்பா இருந்தீங்க, கை குடுத்த உடனே மனசு இளகிடும், "சரி அவ்ளோ பெரிய தொகை பேசியாச்சு இது என்ன"ன்னு ஒரு நினைப்பு வரும். அந்த நேரத்துக்காகத்தான் அந்த ரூம். தண்ணி குடுத்தது, பாராட்டினது எல்லாம் அதுல சேர்த்தி.

எங்க காலத்துல ஒரு வெள்ளைத் தாளை நடுவுல குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டு நாலு கட்டமா பிரிப்போம். ஒண்ணுல வண்டி விலை, ஒண்ணுல உங்க பழைய வண்டிக்கு நாங்க தர்ற விலை, ஒண்ணுல முன்பணம், கடைசில மாசத்தவணை. தடி மார்க்கர்ல எழுதி எழுதி அடிப்போம். வண்டி விலைக்கு சண்டை போட்டீங்களா, குறைச்சுட்டு பழைய வண்டியில எடுத்துடுவோம். அங்கயும் முறைச்சீங்களா, தவணையை குறைச்சுக் காட்டி மாசக் கணக்கை நீட்டிடுவோம். ஒரு கட்டத்தை அமுக்கினா இன்னொரு கட்டம் எழும்பும், வாங்க வந்தவர் கண்ணு எப்பவும் ஒரு கட்டத்துலதான் இருக்கும். நாங்க முதல்ல கேக்கற கேள்வியே "மாசம் எவ்ளோன்னா உங்களுக்கு சௌகரியம்?" அதுக்கு பதில் சொல்லிட்டா முடிஞ்சுது, அதுக்கப்புறம் நீங்க வண்டி வாங்கல, தவணை வாங்கறீங்க.

பழைய வண்டி இருக்கா? இருந்தா அதை இந்தப் பேச்சுல கலக்கவே கலக்காதீங்க. வெளிய ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேட்டு வச்சுக்கிட்டு, புது வண்டி விலை எழுத்துல வந்தப்புறம் அதை எடுங்க.

முதல்கார்
பழைய வண்டி இல்ல அண்ணே, இதுதான் முதல் கார். ஆனா தவணை கேள்வி கேட்டாங்க, நானும் வெள்ளந்தியா பதில் சொல்லிட்டேன் 😬

கணக்குப்புள்ள
தவணைக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், கரன்சி வேணாம், கடன் 100-ன்னு வச்சுக்கோங்க. வருஷ வட்டி 10, குறையற பாக்கிக்கு. 3 வருஷத்துல கட்டினா மாசம் 3.23, மொத்தம் 116. 5 வருஷம்னா மாசம் 2.12, மொத்தம் 127 சொச்சம். 7 வருஷம்னா மாசம் 1.66தான், பார்க்க அழகா இருக்கும், மொத்தம் 139. அதே வண்டி, அதே வட்டி.

இன்னொண்ணு, வட்டியை ஃப்ளாட்டா சொல்றாங்களா ரெட்யூசிங்கா (நான் மேல போட்ட மாதிரி குறையற பாக்கிக்கு மட்டும்) சொல்றாங்களான்னு வாயைத் திறந்து கேளுங்க. ஃப்ளாட்னா முதல் நாள் வாங்கின முழுத் தொகைக்கும் கடைசி மாசம் வரைக்கும் வட்டி, நீங்க பாதி அடைச்சிருந்தாலும். 7 ஃப்ளாட்ல 5 வருஷம்ங்கறது ரெட்யூசிங்ல பார்த்தா ஏறக்குறைய 12.5. "பேங்க் 10 சொல்றான் நாங்க 7 தர்றோம்"னு சொல்லி விக்கறதை நானே கண்ணால பார்த்திருக்கேன்.

இப்போ உங்க வாரண்டிக்கு வர்றேன். வண்டி விலையில அது நூத்துக்கு எவ்ளோ?

முதல்கார்
வாரண்டி மட்டும் 3 வரும் அக்கா. மீதி கோட்டிங்கும் மத்ததும்.

கணக்குப்புள்ள
சரி 3. அதை லோன்ல சேர்த்தா 5 வருஷத்துல 3.8 ஆயிடும். அதை விட வேடிக்கை என்னன்னா, அந்த வாரண்டி உங்களுக்கு 4-வது வருஷம்தான் உயிர் பெறும், அதுவரைக்கும் கம்பெனி வாரண்டியே இருக்கு. அப்போ இன்னும் தொடங்காத ஒரு பொருளுக்கு மூணு வருஷம் வட்டி கட்டறீங்க. எடுக்கறதா இருந்தாலும் கையில இருந்து காசு குடுத்து எடுங்க, லோன்ல போடாதீங்க.

மஞ்சள்ஹெட்லைட்
இதே மாதிரி என் அண்ணனுக்கு "5 வருஷ ப்ளான்"னு குடுத்தாங்க. அவன் 3+5 எட்டு வருஷம்னு நினைச்சுட்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். வண்டி வாங்கின தேதியில இருந்து அஞ்சாம், அதாவது கூடக் கிடைக்கறது வெறும் 2. தாள்ல தெளிவாத்தான் போட்டிருந்துச்சு, படிக்கல.

டர்போகாயம்
எல்லாரும் வாரண்டியைத் திட்டிட்டிருக்கீங்க, நான் மறுபக்கம் சொல்றேன். என் வண்டி டூயல் க்ளட்ச் ஆட்டோமேடிக், அதாவது ரெண்டு க்ளட்ச் வச்சு தானா கியர் மாத்திக்கற தினுசு. கம்பெனி வாரண்டி முடிஞ்சு சரியா ரெண்டாவது மாசம், சிக்னல்ல நிக்குது, பச்சை விழுந்துச்சு, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கறேன், எஞ்சின் மட்டும் உறுமுது வண்டி அசையல, டேஷ்போர்டுல கியர் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு. பின்னாடி ஒரே ஹாரன். தள்ளி ஓரம் கட்டினோம். கியரை மாத்தற கன்ட்ரோல் யூனிட் போயிடுச்சாம், பார்ட்டும் லேபரும் சேர்த்து வந்த எஸ்டிமேட்டைப் பார்த்து என் மனைவி அந்தப் பக்கம் திரும்பி உக்கார்ந்துட்டாங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்துச்சு, நான் கட்டினது ப்ளான்ல சொன்ன அந்த சின்ன பங்குத் தொகை மட்டும். நான் குடுத்த காசு மாதிரி நாலு மடங்கு அந்த ஒரு ரிப்பேர்லயே வந்துடுச்சு. அதனால கண்ணை மூடிக்கிட்டு வேணாம்னு சொல்லாதீங்க.

நடுராத்திரி
ஒருத்தருக்கு லாட்டரி விழுந்துச்சுன்னு ஊரே டிக்கெட் வாங்க முடியுமா. விக்கறவன் எத்தனை வண்டிக்கு எவ்ளோ செலவாகும்னு கணக்கு போட்டு, மேல ஆபீஸ் செலவு கமிஷன் எல்லாம் ஏத்தித்தான் விலை வைக்கறான். சராசரியா வாங்கறவனுக்கு நஷ்டம்தான், இல்லைன்னா அவன் கடையை மூடிட்டுப் போயிருப்பான்.

டர்போகாயம்
சராசரி வந்து எனக்கு கியர்பாக்ஸ் மாத்திக் குடுக்காது சார்.

கணக்குப்புள்ள
ரெண்டு பேரும் சரிதான், சண்டை வேணாம். சராசரியா நஷ்டம்ங்கறது உண்மை, எந்த இன்சூரன்ஸும் அப்படித்தான். கேள்வி என்னன்னா, 4-வது வருஷம் ஒரு பெரிய ரிப்பேர் வந்தா உங்க சேமிப்புல இருந்து எடுத்துக் குடுத்துட்டு தூங்கிடுவீங்களா, இல்ல கடன் வாங்கணுமா? முதல் ஆளா இருந்தா அந்த 3-ஐ தனியா ஒரு கணக்குல போட்டு வச்சுக்கோங்க, ரிப்பேர் வரலைன்னா காசு உங்களுது. ரெண்டாவது ஆளா இருந்தா, அதோட வண்டி டர்போ, டூயல் க்ளட்ச், ஏகப்பட்ட சென்சார்னு இருந்தா, வாரண்டிக்கு ஒரு நியாயம் இருக்கு. சாதாரண எஞ்சின், கையால மாத்தற கியர், வருஷம் 12,000, அப்படின்னா நான் எடுக்க மாட்டேன்.

அப்புறம் வாங்கறவன் விக்கறவன்ல யாருக்கு அதிகம் தெரியும்ங்கறதை பழைய கார் சந்தையை வச்சே ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் 1970-ல எழுதினார், 2001-ல நோபல் குடுத்தாங்க. அவர் சொன்னது பழைய வண்டிக்கு, ஆனா எனக்கு என்னமோ அந்தக் கண்ணாடி ரூமைப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கும்.

ஸ்பேனர்
எடுக்கலாமா வேணாமான்னு பேசறதுக்கு முன்னாடி அந்த வாரண்டி புக்கை வாங்கிப் பாருங்கப்பா. புரோஷர் இல்ல, புக். நம்ம ஒர்க்‌ஷாப்ல தினம் ஒருத்தர் வந்து "வாரண்டி இருக்குல்ல"ன்னு நிப்பார், நான் தலையை ஆட்டுவேன், அவர் என்னைத் திட்டிட்டுப் போவார்.

ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு, எது எது வராதுன்னு பட்டியல் போட்டு மீதி எல்லாம் வரும்னு சொல்றது. இன்னொண்ணு, எது எது வரும்னு பட்டியல் போட்டு மீதி எதுவும் வராதுன்னு சொல்றது. கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும். ரெண்டாவது வகையில ஏ.சி. கம்ப்ரசர் வரும்னு போட்டிருப்பான், ஏ.சி. காயில் பட்டியல்ல இருக்காது, ஸ்க்ரீன் இருக்காது, வயரிங் இருக்காது. பட்டியல் நீளமா இருக்கேன்னு ஏமாறாதீங்க, அதுல பாதி பார்ட் சாகவே சாகாது. முதல் வகைதான் நல்லது.

எதை எடுத்தாலும் தேய்மானம் வராது. ப்ரேக் பேட், க்ளட்ச் ப்ளேட், வைப்பர், பல்பு, டயர் எதுவும் வராது, பேட்டரிய பெரும்பாலும் வெளியவே வச்சிருப்பான். சண்டை வர்றது நடுவுல இருக்கற சாமானுக்கு, சஸ்பென்ஷன் புஷ், ஆயில் சீல், எஞ்சின் மவுண்டு. ரப்பர்னாலே தேய்மானம்ங்கறான்.

போன மாசம் ஒரு கேஸ். ஒரு கூலன்ட் ஹோஸ், என் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். வண்டி சூடேறுது, டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கு போயிடுச்சு, வீடு பக்கத்துலதானேன்னு ஓட்டிக்கிட்டே போயிட்டார். எஞ்சின் மேல் பாகம், ஹெட்னு சொல்வோம், அது வளைஞ்சு கீழ இருக்கற கேஸ்கெட் போச்சு. ஹெட் கேஸ்கெட் பட்டியல்ல இருக்கு. ஆனா ஹோஸ் இல்ல. வராத சாமான் போனதால வர்ற சாமான் போனா அதுவும் வராதுன்னு ஒரு வரி இருக்கும், அதோட சிவப்பு விழுந்தும் ஓட்டினீங்கன்னு ரெண்டாவது காரணம். முழுச் செலவும் அவர் தலையில. அவர் மேலயும் தப்பு இருக்கு, சிவப்பு விழுந்தா அங்கயே நிறுத்தணும், டோ பண்ற காசு எதுக்கு மிச்சம் பிடிக்கறது.

அப்புறம் பிரிக்கறதுக்கு முன்னாடி அப்ரூவல் வாங்கணும். நாங்க பிரிச்சுப் பார்த்துட்டு ஃபோன் பண்ணினா ரிஜெக்ட். சில ப்ளான்ல பிரிச்சுக் காட்டற லேபரையும் நீங்கதான் குடுக்கணும், உள்ள இருக்கற பழுது ப்ளான்ல வராட்டி பிரிச்ச கூலியும் போச்சு மாட்டற கூலியும் போச்சு.

சர்வீஸ் ரொம்ப முக்கியம். 10,000 இல்லைன்னா 1 வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருக்கும். கம்மியா ஓட்டறவங்கதான் இதுல மாட்டறது, "ஆறாயிரம்தானே ஓடியிருக்கு"ன்னு ஒன்றரை வருஷம் விட்டுடுவாங்க. ஒரு பில்லு காணோம்னா அதை வச்சே தட்டிக் கழிப்பான்.

ஓட்டைசைலன்சர்
வெளிய பெரிய ஹெட்லைட், ஸ்டீரியோ மாத்தினா வாரண்டி முழுசும் போயிடும்ங்கறாங்களே நிஜமா?

ஸ்பேனர்
முழுசும் போகாது, நீங்க கை வச்ச இடத்தோட சம்பந்தப்பட்டது போகும். வயரை வெட்டி ஒட்டினீங்கன்னா நாளைக்கு எந்த எலக்ட்ரிக் கோளாறுக்கும் அந்த ஒட்டைத்தான் காட்டுவான். பவர் ஏத்த எஞ்சின் சாஃப்ட்வேரை மாத்தி ரீமேப் பண்ணினா எஞ்சினும் கியர்பாக்ஸும் கோவிந்தா.

எக்ஸ்சேல்ஸ்
"டெலிவரிக்கு அப்புறம் கிடைக்காது"ன்னு சொன்னாங்கல்ல, அதுக்கு வர்றேன். வாரண்டி யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. வண்டி தயாரிச்ச கம்பெனியே தர்ற ப்ளானா இருந்தா, அவங்க வாரண்டி முடியறதுக்குள்ள எப்போ வேணாலும் எடுக்கலாம்ங்கற மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும், லேட்டாக லேட்டாக விலை ஏறும், சில சமயம் வண்டியைப் பரிசோதிச்சுட்டுத் தருவாங்க. டீலர் சொல்ற "இன்னைக்கு மட்டும்" அவருடைய டிஸ்கவுண்ட், ப்ளானுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. இல்ல வெளி கம்பெனி ப்ளானா இருந்தா க்ளெய்ம் யார் பாஸ் பண்றாங்க, எந்த ஒர்க்‌ஷாப்ல எல்லாம் செல்லும், அந்தக் கம்பெனி மூடிட்டா யார் பொறுப்பு, இதையெல்லாம் கேக்கணும்.

விலையும் பேசலாம், இது பல பேருக்கு தெரியாது. வாரண்டியில டீலருக்கு மார்ஜின் நல்லா இருக்கு, நாங்க முதல்ல சொல்ற விலைக்கும் கடைசியா இறங்கற விலைக்கும் பெரிய இடைவெளி விட்டுத்தான் ஆரம்பிப்போம். நாளைக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, வண்டி கையில வர்ற வரைக்கும் மொத்தம் எவ்ளோ, வரி, பதிவு, இன்சூரன்ஸ், எல்லாம் வரி வரியா பிரிச்சு ஒரு தாள்ல சீல் போட்டு குடுங்கன்னு கேளுங்க. ஹேண்ட்லிங் சார்ஜ்னா என்னன்னு விளக்கம் கேளுங்க. இன்சூரன்ஸ் வெளிய விசாரிச்சுட்டுப் போங்க.

மஞ்சள்ஹெட்லைட்
அப்படியே வண்டி எப்போ செஞ்சதுன்னும் பாருங்க. ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற சேசிஸ் நம்பர் 17 எழுத்து, அதுல ஐ, ஓ, க்யூ மூணும் இருக்காது, 1, 0 இலக்கங்களோட குழம்பும்னு. யாராவது கையால எழுதிக் குடுத்து அதுல ஓ இருந்தா தப்பா எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். டயர் சைடுல ஒரு முட்டை மாதிரி வளையத்துக்குள்ள 4 இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3224-ன்னா 2024-ல 32-வது வாரம். ரெண்டு பக்கமும் பாருங்க, ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும் சில டயர்ல.

ஸ்பேனர்
+1. கூடவே கம்பெனி கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டு சேசிஸ் நம்பரைச் சொல்லி "வாரண்டி ஸ்டார்ட் டேட் என்ன காட்டுது"ன்னு கேளுங்க. புது வண்டின்னா ஒண்ணும் காட்டக் கூடாது. இதை நிறைய பேர் கேக்கறதே இல்ல.

முதல்கார்
அப்டேட். பெரிசா இருக்கும், மன்னிச்சுக்கோங்க, இன்னும் கை நடுங்குது.

காலைல தங்கச்சியோட போனேன். முதல்ல பிரிச்சுக் குடுங்கன்னு கேட்டேன், அரை மணி நேரம் உக்கார வச்சு ஒரு தாள் வந்துச்சு. அதுல தவணை நான் அன்னைக்கு ஒத்துக்கிட்ட தவணைதான். தங்கச்சி ஃபோன்ல கால்குலேட்டரை எடுத்து வண்டி விலையை மட்டும் போட்டுப் பார்த்தா தவணை கம்மியா வரணும். வித்தியாசம் எங்கன்னு கேட்டா வாரண்டியும் கோட்டிங்கும் முதல்லயே உள்ள போட்டுத்தான் அந்தத் தவணையையே சொல்லியிருக்காங்க! நான் எடுக்கறதா இன்னும் சொல்லவே இல்ல. கேட்டா "சிஸ்டம்ல டிஃபால்ட்டா வரும் சார், எடுத்துடலாம்"ங்கறார், முகத்துல ஒரு சலனம் இல்ல. எடுத்தாங்க. ஹேண்ட்லிங் சார்ஜுக்கு விளக்கம் கேட்டேன், யார்டுல இருந்து கொண்டு வர்ற செலவுன்னார், யார்டு எங்க இருக்குன்னு கேட்டா பின்னாடியே இருக்கு, அதுவும் போச்சு.

அப்புறம் வண்டியைப் பார்க்கணும்னேன். நாளைக்கு வாஷ் பண்ணிக் காட்டறோம்னாங்க, பரவால்ல அழுக்கோட பார்க்கறோம்னு தங்கச்சி விடல. டயர் நாலும் ஒரே வாரம், ஏறக்குறைய ஒரு வருஷம் பழசு. மீட்டர்ல 214 கிலோமீட்டர். ட்ரைவர் சீட்டுக்கு கீழ ஒரு பேனா மூடி கிடந்துச்சு, அது யாருதோ.

அங்க நின்னே கஸ்டமர் கேருக்கு ஃபோன். அந்தப் பொண்ணு சேசிஸ் நம்பரை ரெண்டு தடவை வாங்கிட்டு, "சார், இந்த வண்டிக்கு வாரண்டி ஆரம்பிச்சு 7 மாசம் ஆச்சு"ங்கறாங்க. நான் ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பக்கத்துல நின்ன சேல்ஸ் தம்பி தரையைப் பார்த்தான்.

எக்ஸ்சேல்ஸ்
மாச டார்கெட்டுக்காக வித்ததா கணக்கு காட்டியிருக்காங்க. வண்டி யார்டுலயேதான் நின்னிருக்கும், இல்லைன்னா டெஸ்ட் ட்ரைவுக்கு ஓடியிருக்கும், 214 அதைத்தான் சொல்லுது. கம்பெனி கிட்ட டார்கெட் போனஸ் வாங்க மாசக் கடைசியில இப்படி பண்றவங்க உண்டு. நான் வேலை பார்த்த இடத்துலயும் நடந்துச்சு, நானே ரெண்டு தடவை டைப் அடிச்சிருக்கேன். அந்த வண்டியை வாங்கினவங்க யாரும் இதைக் கேட்டதில்ல.

நடுராத்திரி
அப்போ அவருக்கு 3 வருஷம் இல்ல, 2 வருஷம் 5 மாசம். அதுக்கு மேல "நீட்டிப்பு" வேற வித்திருக்கான் பாருங்க. முதல்ல 7 மாசத்தை வெட்டிட்டு அப்புறம் 24 மாசம் விக்கறது.

முதல்கார்
இப்போதான் மேனேஜரே ஃபோன் பண்ணார். தப்பு நடந்துடுச்சாம், அதுக்கு பதிலா அந்த 2 வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டியை ஃப்ரீயா தர்றாராம். நேத்து வரைக்கும் 3 கேட்டவர். சபலமா இருக்கு, என்ன சொல்றீங்க?

டர்போகாயம்
ஃப்ரீன்னா எடுத்துக்கோங்களேன், 7 மாசம் போய் 24 மாசம் வருது.

ஸ்பேனர்
யார் ப்ளான்னு கேட்டுட்டு எடுங்க. புக் வேணும், புரோஷர் இல்ல.

கணக்குப்புள்ள
ஃப்ரீ வாரண்டியை விட, விலையில குறைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா வேற வண்டி. நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்கறவன் வாரண்டி தேதியையும் தயாரிச்ச தேதியையும் பார்த்துத்தான் விலை சொல்லுவான், ஒரு வருஷம் பழைய வண்டியா கணக்கு பண்ணுவான். அதோட அந்த ப்ளான் வண்டி கை மாறினா கூடவே போகுமா, நடுவுல ரத்து பண்ணினா மீதி மாசத்துக்கு காசு திரும்புமான்னு பாருங்க. ஃப்ரீயா குடுத்ததுக்கு ரீஃபண்ட்னு ஒண்ணு இருக்காது.

முதல்கார்
புக் வாங்கிப் படிச்சேன், 31 பக்கம், தங்கச்சி மார்க்கர் வச்சு அடிச்சுக் குடுத்தா. வண்டி கம்பெனி ப்ளான் இல்ல, வெளி ஆள். வர்ற சாமான் பட்டியல் போட்ட வகை. க்ளெய்ம் அந்த டீலர் ஒர்க்‌ஷாப்ல மட்டும்தான். ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு வேற இருக்கு, அதைத் தாண்டினா நம்ம காசு. 12-ம் பக்கத்துல "ரப்பர் மற்றும் ப்ளாஸ்டிக் பாகங்கள் நீங்கலாக"ன்னு ஒரு வரி, ஸ்பேனர் அண்ணே சொன்ன ஹோஸ் ஞாபகம் வந்துச்சு. இந்தக் காலத்து எஞ்சின்ல ப்ளாஸ்டிக் இல்லாதது என்ன இருக்குன்னு தங்கச்சி கேக்கறா.

வேணாம்னு சொல்லிட்டேன். வேற வண்டி குடுங்க, இல்லைன்னா அட்வான்ஸ் திருப்பிக் குடுங்கன்னேன். அட்வான்ஸ் ரசீதுல "திருப்பித் தரப்படும்"னு எழுதி வாங்கியிருந்தேன், அது எப்படி தோணுச்சுன்னு எனக்கே தெரியல.

எக்ஸ்சேல்ஸ்
அந்த ரசீதுதான் உங்க பலம். எழுந்து வர முடியற ஆள்கிட்ட மட்டும்தான் நாங்க நிஜமா பேசுவோம்.

ஓட்டைசைலன்சர்
என்னாச்சு? ரெண்டு வாரமா சத்தமே இல்ல

முதல்கார்
வண்டி வந்தாச்சு!! வர்றதுக்கு 19 நாள் ஆச்சு. அதே மாடல், நான் கேட்ட கலர் இல்ல, சாம்பல் கலர், இப்போ அதுவே பிடிச்சிருக்கு. செஞ்சு ரெண்டு மாசம்தான் ஆச்சு, மீட்டர்ல 11 கிலோமீட்டர், கஸ்டமர் கேர்ல கேட்டா "இன்னும் விற்பனை பதிவாகல"ன்னு வந்துச்சு. குறைச்சது 6 இல்ல, 5தான், அந்த ஒண்ணுக்கு அவங்க கடைசி வரைக்கும் மசியல, நானும் விட்டுட்டேன். லோன் பேங்க்லயே எடுத்தேன், ரெட்யூசிங். கோட்டிங் வேணாம்னுட்டேன். கண்ணாடி ரூம்ல அதே ஆள், இந்தத் தடவை தண்ணி குடுக்கல.

வாரண்டி இப்போதைக்கு எடுக்கல. கம்பெனி ப்ளான் 3 வருஷம் முடியறதுக்குள்ள எப்போ வேணா எடுக்கலாம்னு மெயில்ல எழுதி வாங்கிட்டேன். 33-வது மாசத்துக்கு ஃபோன்ல ரிமைண்டர் போட்டிருக்கேன், அதுவரைக்கும் மாசாமாசம் கொஞ்சம் தனிக் கணக்குல போடறேன், வண்டி எப்படி நடந்துக்குதுன்னு பார்த்துட்டு அப்போ முடிவு பண்ணிக்கறேன்.

டர்போகாயம்
வாழ்த்துக்கள் ப்ரோ. 33-வது மாசம் சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன், எடுங்கன்னுதான் சொல்லுவேன்.

நடுராத்திரி
நானும் இருப்பேன்.

முதல்கார்
ஸ்பேனர் அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். நேத்து டிக்கியைத் திறந்து பார்த்தா ஸ்டெப்னில சுத்தமா காத்து இல்ல. இது வாரண்டில வருமா?

ஸ்பேனர்
வராது. காத்து அடிங்க.